படம் ஓரிடம், குறிப்பு வேறிடம்

திருநீர்மலையில் பெருமாள் நான்கு கோலங்களில் இருக்கிறார். அடிவாரத்தில் நீர்வண்ணனாக நின்ற கோலம். படியேறிப் போனால் நரசிம்மராக இருந்த கோலம், அரங்கநாதராகக் கிடந்த கோலம், உலகளந்தவராக நடந்த கோலம். இந்த நான்குக்கும் கோட்டோவியம் வரைந்து, மலைப்பாதைக்கு ஒரு வரைபடமும் சேர்த்து, உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய தலபுராணப் புத்தகம் போட்டிருந்தார். அதை மின்னூலாக்கித் தர முடியுமா என்று அவர் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். கையில் இருந்தவை ஒரு பேஜ்மேக்கர் கோப்பும் அதிலிருந்து எடுத்த ஒரு பிடிஎஃப்பும். பிடிஎஃப்பை வேர்டு கோப்பாக மாற்றும் மென்பொருள் ஒன்றில் அதைப் போட்டேன். எழுத்துகளை ஒருவழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்து பார்த்தால், பாம்பணையில் படுத்திருப்பவருக்குக் கீழே ‘நின்ற திருக்கோலம்’ என்றிருந்தது. உலகளந்தவருக்குக் குறிப்பே இல்லை. அது மூன்று பக்கம் தள்ளி, எந்தப் படத்துக்கும் சொந்தமில்லாத தனிப் பத்தியாகக் கிடந்தது.

எனக்கு இது புது அனுபவம் இல்லை. தாம்பரம் பக்கத்து நிறுவனம் ஒன்றில் சில ஆண்டு ‘டேகிங்’, அதாவது கோப்புகளில் குறியிடும் வேலை பார்த்தவன். கோப்புமாற்றிகளைக் குறைசொல்பவர்கள் வழக்கமாக ‘படம் போய்விட்டது’ என்பார்கள். படம் பெரும்பாலும் பத்திரமாகவே வந்துசேரும். அதன் எண், அடியில் உள்ள குறிப்பு, ‘படம் 3ஐக் காண்க’ என்று உரைக்குள்ளிருந்து அதைக் கூப்பிடும் வரி, படத்துக்குள் எழுதியிருக்கும் பெயர்கள் ஆகிய உறவுக்காரர்கள்தான் வழியில் தவறிப்போகிறார்கள். ஏன் என்று பார்க்கப் புகுந்தால் தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தே எழுந்து வருகிறது. நம்மிடம் பல ஆண்டுகள் எழுத்தே படமாகத்தான் இருந்தது.

முதலில் படத்தின் கதை. உரையில் குறியிடுவதற்கு மார்க்கப் என்று பெயர். அந்தச் சொல் அச்சகத்தில் பிறந்தது. கைப்பிரதியின் ஓரத்தில் ஒருவர் பென்சிலால் ‘தலைப்பு, 14 புள்ளி, தடித்த எழுத்து’ என்று குறித்து அனுப்புவார். அச்சுக்கோப்பவர் அதைப் பார்த்துக் கோப்பார். அந்த ஒரு வரியில் இரண்டு சேதிகள் இருக்கின்றன. ‘தலைப்பு’ என்பது அந்த வரி இன்னதென்று சொல்கிறது. ‘14 புள்ளி’ என்பது அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்கிறது. கணினி வந்தபோது முதல் சேதியைத் தனியே பிரித்து எழுதிவைத்தால் போதும், இரண்டாவதை எப்போது வேண்டுமானாலும் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று கண்டவர்களுள் முக்கியமானவர்கள் ஐபிஎம்மில் வேலை பார்த்த கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர். 1969இல் அவர்கள் தொடங்கிய மொழிக்கு ஜிஎம்எல் என்று பெயர். அதன் விரிவை வேறுவிதமாகச் சொல்வார்கள், ஆனால் மூவர் பெயரின் முதலெழுத்துகளும் அதில் ஒளிந்திருக்கின்றன. அது 1986இல் எஸ்ஜிஎம்எல் என்ற உலகத் தரமானது. அதைச் சுருக்கி 1998இல் எக்ஸ்எம்எல் வந்தது. இடையில், தன் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்த்து மனம் நொந்த டொனால்டு குனுத் 1978இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மொழியை வெளியிட்டார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டிய லேடெக் இன்றும் கணிதக்காரர்களின் தாய்வீடு.

இவை எல்லாமே எழுத்துக்காகப் பிறந்தவை. படம் பின்னால் வந்த விருந்தாளி. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒவ்வொரு திண்ணை.

வேர்டில் படம் இரண்டு விதமாக உட்காரும். வரிக்குள் ஓர் எழுத்தைப் போல நிற்பது ஒன்று. பக்கத்தின்மேல் மிதந்துகொண்டு, ஏதோ ஒரு பத்தியில் நங்கூரம் போட்டிருப்பது இன்னொன்று. மிதக்கும் படத்தைச் சுட்டியால் இழுத்து அழகான இடத்தில் வைக்கிறோம். நங்கூரம் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கோப்புமாற்றி பார்ப்பது நங்கூரத்தை மட்டும்தான். குறிப்பை ஓர் எழுத்துப்பெட்டியில் தட்டச்சு செய்து படத்தின் கீழே ஒட்டவைத்திருந்தால் அந்தப் பெட்டிக்குத் தனி நங்கூரம். கண்ணுக்கு அவை இரண்டும் ஒன்று, கோப்புக்கு முன்பின் தெரியாத இருவர். டாக்ஸ் கோப்பின் பெயரை மாற்றி ஜிப்பாகத் திறந்து பாருங்கள். உரை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும், படங்கள் ‘மீடியா’ என்ற பக்கத்து அடுக்கில் கிடக்கும், வேர்டிலேயே போட்ட வரைபட அட்டைகளுக்கு இன்னொரு தனிக் கோப்பு. உரையை மட்டும் படித்துக்கொண்டு போகும் மாற்றி அந்த அட்டைகளின் பக்கமே போவதில்லை.

பிடிஎஃப்பின் கதை இன்னும் மோசம். 1993இல் அடோபி அதை வெளியிட்டபோது நோக்கம் ஒன்றே: எந்தக் கணினியில் திறந்தாலும் தாள் ஒரே மாதிரி தெரிய வேண்டும். இந்த எழுத்துருவின் இந்த உருவை இந்த இடத்தில் வை, இந்தப் படத்தை அந்த இடத்தில் வை என்ற கட்டளைகள்தாம் அதற்குள் இருக்கின்றன. பத்தி, தலைப்பு, குறிப்பு என்ற சேதி எதுவும் கட்டாயம் இல்லை. அமைப்பைச் சொல்லும் குறிகளைச் சேர்க்கும் வசதி 2001இல் வந்தது. நம் ஊர் டிடிபி கடைகளில் அதைத் தட்டிப் பார்த்தவரை நான் கண்டதில்லை. ஆகவே பிடிஎஃப்பிலிருந்து மாற்றும் எந்த மென்பொருளும் ஊகம் செய்கிறது. இந்த வரி சின்னதாக, படத்துக்கு அருகில் இருக்கிறது, ஆகவே குறிப்பாக இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறது. இரண்டு படங்கள் பக்கம் பக்கமாக நின்றால் கணக்குப் பிசகுகிறது. என் அரங்கநாதருக்கு நேர்ந்தது அதுதான்.

லேடெக் இதில் நேர்மையானது. படம், குறிப்பு, பெயர்ச்சீட்டு மூன்றையும் ஒரே அடைப்புக்குள் எழுதச் சொல்கிறது. எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும், உரையில் கூப்பிடும் இடத்திலும் அதே எண்ணை நிரப்பும். ஆய்வேடு எழுதும் மாணவர்கள் ‘படம் ஓடிப்போய் அத்தியாயக் கடைசியில் உட்கார்ந்துகொண்டது’ என்று புலம்புவது இதன் மறுபக்கம். இன்னதென்று சொல்லிவிட்டு, எங்கே வைப்பது என்பதை இயந்திரத்திடம் விட்டதற்கான விலை அது. வலைப்பக்கங்களின் எச்டிஎம்எல்லுக்குப் படத்தையும் குறிப்பையும் ஒன்றாகக் கட்டும் குறி 2014இல் ஐந்தாம் பதிப்பு தரமானபோதுதான் முறையாகக் கிடைத்தது. அதுவரை ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கு அட்டவணைக்குள் அடைத்தார்கள்.

இந்த வீடுகளுக்கு நடுவே தூது போகிறவர்களில் இன்று அதிகம் பேசப்படுவது பாண்டாக். எழுதியவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் ஜான் மெக்ஃபார்லேன். 2006இல் தொடங்கினார். எத்தனை வடிவங்கள் உள்ளே வந்தாலும் எல்லாவற்றையும் முதலில் தனக்குரிய ஒரு நடுவடிவத்துக்கு மாற்றி, அங்கிருந்து வெளியே அனுப்புவது அதன் வழி. உடுக்கையைப் போல இரண்டு பக்கமும் அகலம், நடுவில் இடுப்பு. அந்த இடுப்பில் புக முடியாதது எதுவும் மறுபக்கம் போய்ச் சேராது. வியப்பு என்னவென்றால், ‘குறிப்போடு கூடிய படம்’ என்பதற்கு அந்த நடுவடிவத்தில் பதினாறு ஆண்டுகள் தனியிடம் இல்லை. ஒரு பத்தியில் ஒரே ஒரு படம் மட்டும் இருந்தால் அதைக் குறிப்புள்ள படமாகக் கொள்வோம் என்ற ஒரு தந்திரத்தில் காலம் ஓடியது. ஒரே எண்ணின் கீழ் அ, ஆ, இ என்று மூன்று படங்கள் வந்தால் தந்திரம் கைவிட்டுவிடும். 2023 ஜனவரியில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் படத்துக்கென்று ஓர் அறை கட்டினார்கள். அத்தனை பெரிய மென்பொருளிலேயே விருந்தாளிக்கு அறை கிடைக்க இவ்வளவு காலம்.

அறை கிடைத்தாலும் உடை ஒத்துவர வேண்டும். லேடெக்காரர்கள் படத்தை இபிஎஸ்ஸாகவோ பிடிஎஃப்பாகவோ வைத்திருப்பார்கள், உலாவிக்கு வேண்டியது பிஎன்ஜி, ஜேபெக் அல்லது எஸ்விஜி. பழைய வேர்டு கோப்புகளில் விண்டோஸுக்கே உரிய இஎம்எஃப் படங்கள் இருக்கும், அவற்றை உலாவி திரும்பிக்கூடப் பார்க்காது. லேடெக்குக்குள்ளேயே கட்டளைகளால் வரைந்த டிக்ஸ் படம் என்றால் பாண்டாக் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஏனென்றால் அது படமே இல்லை, படம் வரையச் சொல்லும் நிரல். அதை ஓட்டிப் பார்க்காமல் படம் பிறக்காது.

ஓட்டிப் பார்க்கும் மாற்றிகளும் உண்டு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஐடன் குராரி எழுதிய டெக்ஃபார்எச்டி, டெக்கையே இயக்கி அதன் வயிற்றிலிருந்து எச்டிஎம்எல்லை எடுக்கிறது. குராரி 2009இல் காலமானபின் அதைக் காப்பாற்ற முன்வந்தவர்களில் ஒருவர் திருவனந்தபுரத்துச் சி. வி. ராதாகிருஷ்ணன். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனத்தில் புரூஸ் மில்லர் எழுதிய லேடெக்எம்எல் இன்னொரு வழி. ஆர்க்கைவ் களஞ்சியம் 2023 டிசம்பர் முதல் புதிய ஆய்வுக் கட்டுரைகளுக்கு எச்டிஎம்எல் வடிவமும் தருவது இதை நம்பித்தான். அங்கும் படம் வராத பக்கங்கள் உண்டு. ஆனால் வராததை வரவில்லை என்று பக்கத்திலேயே எழுதிவைக்கிறார்கள். சத்தமில்லாமல் விழுங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி எழுத்தே படமான கதைக்கு வருகிறேன்.

பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தெரிய வேண்டுமானால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து விசைகளை அழுத்த வேண்டும். கோப்பில் பதிவாவதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளே. தமிழாகத் தெரிவது எழுத்துரு போட்டுக்கொண்ட வேஷம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். ‘கொ’ என்று அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். ஈய எழுத்தை அடுக்கிய அச்சுக்கோப்பவரின் கைவரிசை அப்படியே கணினிக்கு வந்துவிட்டது. யூனிகோடிலோ க முதலில் வரும், ஒகரக் குறி அதன் பின்னால். அதனால் பழைய கோப்பை மாற்றும்போது ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் போதாது, கொம்பைத் தூக்கி மெய்க்குப் பின்னால் நட்டு, காலோடு இணைக்க வேண்டும். இதற்கு மேல், ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு விசைகளை ஒதுக்கிக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளை அரசு தரமாக்கியது. இணையத் தமிழர்கள் டிஸ்கியில் எழுதினார்கள். 2010இல் யூனிகோடும் டேஸ் 16உம் அரசுத் தரமாயின. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தலைமுறைக் கோப்புகள் கரையில் ஒதுங்கின.

அவற்றைக் கரையேற்றியவர்களுக்குத் தமிழ் வாசகர் கடன்பட்டிருக்கிறார். சுரதாவின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் மாற்றி ஆகிய இரண்டையும் தொடாமல் அந்த நாளில் தமிழ்க் கோப்பு எதுவும் யூனிகோடுக்கு வந்திருக்காது என்றே சொல்லலாம். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிவைத்த மதுரைத் திட்டம், அந்தந்தக் காலக் குறியீட்டில் நூல்களை வைத்து, குறியீடு மாறியபோதெல்லாம் நூல்களையும் மாற்றிக்கொண்டே வந்தது. அங்கே பெரும்பாலும் செய்யுளும் உரைநடையும்தான், படம் குறைவு. அந்த வகையில் அவர்கள் பிழைத்தார்கள்.

பாடநூலும் அறிவியல் நூலும் போட்டவர்கள் பிழைக்கவில்லை. உரையை மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்கினோம். படத்துக்குள் இருந்த ‘இதயம்’, ‘நுரையீரல்’ என்ற பெயர்கள்? வேர்டின் வரைபட அட்டைக்குள் இருந்தவை பாமினியிலேயே தங்கிவிட்டன. எஸ்விஜி படத்துக்குள் இருந்தவை எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தன. கோரல்டிராவில் வரைந்தவை தப்பித்தன, ஆனால் எப்படி? அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துரு தகராறு வரக்கூடாதென்று ‘கர்வ் பண்ணி அனுப்புங்க’ என்பது தொழில் வழக்கம். எழுத்தைக் கோடுகளாக்கிவிட்டால் எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரியும். தேடினால் மட்டும் கிடைக்காது, வாசித்துக்காட்டும் மென்பொருளுக்குக் கேட்காது. பார்க்க எழுத்து, உள்ளே ஊமை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பாமினிக் கோப்பில் நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொற்களும் இருக்கும். எது வேஷம் போட்ட ஆங்கிலம், எது அசல் ஆங்கிலம் என்று சொல்வது எழுத்துருவின் பெயர் மட்டுமே. வெறும் உரையாக நகலெடுத்து மாற்றியில் ஒட்டும் கணத்தில் அந்தப் பெயர் உதிர்ந்துவிடுகிறது. அசல் ஆங்கிலமும் சேர்ந்து உளறலாகிறது. தோற்றத்துக்காக மட்டுமே போட்ட குறி, இங்கே நம்மையறியாமல் பொருளைச் சொல்லும் குறியாகவும் வேலை பார்த்திருக்கிறது.

இதையெல்லாம் தாம்பரம் பக்கத்திலிருந்து எழுதும்போது ஒரு வயிற்றெரிச்சல் தவிர்க்க முடியாதது. தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் என்ற ஏற்றுமதி மண்டலம் 1984இல் வந்தது. சென்னையும் அதன் தென்புறமும் பிறகு உலக ஆய்விதழ்களின் அச்சுக்கோப்புக் கூடமாயின. ஐரோப்பியப் பேராசிரியர் அனுப்பும் வேர்டு கோப்பு இங்கே ஒரு பெண்ணின் மேசைக்கு வருகிறது. அவர் முதலில் செய்வது ‘ஃபிகர் கால்அவுட்’ சரிபார்ப்பு. உரையில் படம் 1 முதல் 7 வரை வரிசையாகக் கூப்பிடப்பட்டிருக்கிறதா, ஏழு ஆர்ட்வொர்க்கும் வந்திருக்கிறதா, ஏழு குறிப்பும் இருக்கிறதா, ஒளிப்படம் அங்குலத்துக்கு 300 புள்ளி தேறுமா, கோட்டோவியம் அதைவிட அடர்த்தியாக இருக்கிறதா. ஒன்று குறைந்தாலும் ஆசிரியருக்குக் கேள்வி போகும். பிறகு எக்ஸ்எம்எல். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2003இல் வகுத்து, 2012இல் ஜாட்ஸ் என்ற பெயரில் தரமான குறித்தொகுதியில் ஒரு படத்துக்கு எண், தலைப்பு, விளக்கம், கண் தெரியாதவருக்கான மாற்றுரை, படக்கோப்பின் பெயர் என்று அத்தனைக்கும் தனித்தனிக் குறி உண்டு. உரையில் ‘படம் 3’ என்ற சொல்லின்மேல் அதன் அடையாள எண்ணைச் சுட்டும் கயிறு கட்டப்படும். இவ்வளவும் செய்துவிட்டு, மாலையில் ரயிலேறி வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பெண் வாங்கிப் படிக்கும் தமிழ் அறிவியல் புத்தகத்தில் ‘மேலே உள்ள படத்தில்’ என்றிருக்கும். மேலே படம் இருக்காது.

திறமைக்குக் குறைவில்லை, கருவிக்கும் இல்லை. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் ஏயூ-கேபிசி மையத்தில்தான் 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கியது. திருநீர்மலையிலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர். அசல் காரணம் பணம். ஆய்விதழுக்கு எக்ஸ்எம்எல் கேட்டு வாங்க ஒரு பதிப்பகம் இருக்கிறது. தமிழ்ப் பதிப்பாளர் கேட்பது அச்சுக்குப் போகும் பிடிஎஃப் ஒன்றைத்தான். கேட்காததை யார் செய்வார்?

காசு வாங்காமல் செய்தவர்கள் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியே நாட்டுடைமை நூல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் விக்கிமூலத்துக்கு வந்தன. கணியம் இதழையும் கட்டற்ற தமிழ் மின்னூல்களையும் நடத்திவரும் த. சீனிவாசன், கூகுள் எழுத்துணரியில் பக்கம் பக்கமாகப் போட்டு எடுத்து விக்கிமூலத்தில் ஏற்றும் ஒரு நிரலை எழுதினார். எழுத்துணரிக்குப் படம் என்றால் ஒவ்வாமை. கோட்டோவியத்தின் கோடுகளை எழுத்தென்று நினைத்து ஆய்தத்தையும் அரைப்புள்ளியையும் தூவிவிடும், அல்லது படம் இருந்த சுவடே தெரியாமல் தாண்டிவிடும். அங்கே தன்னார்வலர்கள் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடிக்கும். வருடிய பக்கத்திலிருந்து படத்தை வெட்டி எடுப்பதில்லை. பக்கத்தின் மேலிருந்து இத்தனை புள்ளி, இடப்பக்கம் இத்தனை புள்ளி, அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று ஒரு வார்ப்புருவில் நான்கு எண்களை எழுதினால் அந்தச் சன்னல் வழியாக மூலப் பக்கமே தெரியும். படமும் அது வந்த தாளும் பிரிவதில்லை. பெ. தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தைப் போலப் பக்கத்துக்குப் பக்கம் இரட்டைப் பத்தியும் படமுமாக உள்ள நூல்களைக் கையாள இதைவிடப் பொறுமையான வழி வேண்டும். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் திரட்டிவரும் நூலகம் திட்டமோ முதலில் தாளை அப்படியே வருடிப் பிடிஎஃப்பாக வைத்துவிடுவோம் என்றது. எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் நினைவோடு வேலை செய்கிறவர்களுக்கு அந்த அவசரம் நியாயமே. அங்கே முழுப் பக்கமும் ஒரு படம்தான்.

கண் தெரியாத வாசகருக்கு இந்தப் பக்கங்கள் எல்லாம் வெற்றுத் தாள். அச்சை வாசிக்க இயலாதவர்களுக்கு நூல்களை மாற்றித்தர வழிசெய்யும் 2013ஆம் ஆண்டின் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்ற நாடு இந்தியா. சட்டம் வழிவிட்டது, கோப்பு விடவில்லை. ஈபப் வடிவத்தில் மாற்றுரைக்கு இடம் உண்டு, ஆனால் தமிழ் மின்னூல்களைத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் கேமரா போட்ட கோப்புப் பெயர்தான் இருக்கிறது. இப்போது படத்தைப் பார்த்துத் தானே விவரிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்திருக்கின்றன. அரங்கநாதர் கோட்டோவியத்தை ஒன்றிடம் காட்டினேன். பாம்பின்மேல் ஒருவர் படுத்திருக்கிறார் என்றது. தப்பில்லை. எந்த ஊர், எந்தக் கோலம், புத்தகத்தில் எந்தப் பத்திக்குத் துணை என்பது அதற்கு எப்படித் தெரியும்? அதை எழுத வேண்டியவர் நூலாசிரியர்.

தலபுராணத்தைக் கடைசியில் கையால்தான் செய்தேன். ஒவ்வொரு படத்தையும் அதன் குறிப்போடு ஒரே அடைப்புக்குள் கட்டினேன், மாற்றுரை எழுதினேன், மலைப்பாதை வரைபடத்தில் கோடாகிப்போன பெயர்களைப் பெரியவரின் பேத்தி மறுபடி தட்டச்சு செய்தாள். பிடிஎஃப்பில் கோட்டோவியங்கள் மங்கலாக இருந்ததால் அசல் தாள்களைக் கைபேசியில் படம்பிடித்துச் சேர்த்தோம். ஈபப் தயார். என் கணினியில் நால்வரும் அவரவர் குறிப்போடு இருந்தார்கள். பெரியவர் வீட்டுப் பழைய வாசிப்புக் கருவியில் திறந்தால் அரங்கநாதர் பாம்போடு செங்குத்தாக நின்றுகொண்டிருந்தார். நெட்டாகப் பிடித்து எடுத்த படத்தைக் கைபேசி திருப்பிவைப்பதில்லை, ‘காட்டும்போது திருப்பிக் காட்டு’ என்று கோப்பின் தலையில் ஒரு குறி மட்டும் போடுகிறது. அந்தக் கருவி குறியைப் படிக்கவில்லை. ‘காஞ்சியில் ஆழ்வார் கூப்பிட்டதற்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தவர்தானே’ என்று பெரியவர் சிரித்தார். படத்தை நிஜமாகவே திருப்பிச் சேமித்து, புதுக் கோப்பை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழையதையும் அழிக்க வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.